போம்பல் தின்ற மாத்திரை

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் துணிந்து ஒரு பொய் சொன்னால் அது பாதி வழியில் படுத்துவிடும். பாகீரதி தன் ஐம்பத்து நாலு வயதில் உருப்படியாகச் சொன்ன ஒரே பொய்யும் அப்படித்தான் ஆயிற்று.

பொய் என்னவோ சின்னதுதான். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஜெயந்த், அம்மாவின் முழங்கால் வலிக்கென்று ஒரு பெரிய பாட்டில் மாத்திரை அனுப்பியிருந்தான். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. எதையும் படிக்காமல் வாயில் போடுகிற வழக்கம் பாகீரதிக்குக் கிடையாது. பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறால் ஓட்டிலிருந்து எடுத்த மருந்து! அவள் வீட்டில் வெங்காயமே ஏகாதசியன்று உள்ளே வராது.

அதிலும் அவள் கணவர் சேஷாத்ரி மீன் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர். கல்கத்தாவில் இருந்துகொண்டு இருபத்தெட்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பது லேசான காரியமா? மனிதர் அதையும் செய்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவு அதிகாரி. கார்டன் ரீச் குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீசுக்கு நேர் வழியில் நடந்தால் மீன் சந்தை குறுக்கிடும் என்பதற்காக, மழையிலும் வெயிலிலும் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

பாகீரதி பாட்டிலைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருகிறவளுக்குத்தான் அந்த வலி தெரியும். மருந்துக்குத் தோஷமில்லை என்று யாரோ எப்போதோ சொன்னது நல்ல சமயத்தில் ஞாபகத்துக்கு வந்தது. மாத்திரைகளைக் காலியான ஒரு பெரிய பெருங்காய டப்பாவில் கொட்டிக்கொண்டு, பாட்டிலைக் குப்பையில் போட்டாள். கணவர் கேட்டதற்கு, "கால்சியம்தான்னா, ஜெயந்த் அனுப்பிச்சான். பாட்டில் பார்சல்லயே ஒடஞ்சு போச்சு" என்றாள். பெருங்காயத்தின் வாடையை மீறி வேறெந்த வாடையும் தலை தூக்காது என்பது அவள் கணக்கு. மனுஷ மூக்கு வரைக்கும் அந்தக் கணக்கு சரிதான்.

இரண்டு மாதத்தில் முழங்கால் வழிக்கு வந்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினாள். அப்படியே போயிருந்தால் பொய்யும் சௌக்கியமாக இருந்திருக்கும்.

2004-ஆம் வருஷம், காளி பூஜை முடிந்து குளிர் எட்டிப் பார்க்கிற சமயம், ஒரு நாள் பந்த் வந்தது. கல்கத்தாவில் பந்த் என்றால் பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, கடை இல்லை. நடுரோட்டில் கிரிக்கெட் உண்டு. ஆபீஸ் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த சேஷாத்ரிக்குப் பொழுது போகாமல் தன் முழங்கால் ஞாபகம் வந்துவிட்டது.

"பாகீ, எனக்கும் கால் கொஞ்சம் குடையறதுடி. அந்தக் கால்சியத்துல ஒண்ணு குடேன்" என்றார்.

பாகீரதியின் கண் அடுக்களை அலமாரிக்குப் போயிற்று. தான் தின்பது தன் பாவத்தோடு போகும். தெரியாத மனுஷனுக்கு இறாலை ஊட்டிய பாவத்தை எந்தக் கங்கையில் போய்க் கழுவுவது? "அது தீர்ந்து போச்சேன்னா" என்று சொல்லிவிட்டாள். அவர் அடுக்களைப் பக்கம் வந்துவிடப் போகிறாரே என்ற பதற்றத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அலமாரியில் இருந்தவரை டப்பா பத்திரமாக இருந்தது. கட்டிலுக்கடி என்பது போம்பலின் ராஜ்ஜியம்.

போம்பல் நாய். ஆறு வருஷத்துக்கு முன் அடைமழையில் காலனி கேட்டருகே நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளைக் குட்டியை, ஆபீஸ் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவர் சேஷாத்ரிதான். கொழுக்மொழுக்கென்று இருந்ததால் காலனிப் பிள்ளைகள் அதற்கு, வங்காளிகள் குண்டுப் பையன்களைக் கூப்பிடுகிற போம்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையை "டேய்" என்று அதட்டியே வளர்த்தவர், இதை "கண்ணா" என்றுதான் கூப்பிடுவார். தயிர் சாதமும் நெய் தோசையும் தின்று வளர்ந்த வங்காளத்து நாய் அது. ஊரெல்லாம் மீன் பொரிகிற வாசனை ஜன்னல் வழியாக வரும்போது அது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பாகீரதி குளித்துவிட்டு வந்தபோது டப்பாவின் மூடி கடிபட்டுக் கிடந்தது. உள்ளே ஒரு மாத்திரை கூட இல்லை. காலையில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்த டப்பா. போம்பல் நாக்கைச் சுழற்றி மோவாயை நக்கிக்கொண்டு, வாலை ஆட்டியது.

அவள் போட்ட சத்தத்தில் சேஷாத்ரி ஓடிவந்தார். டப்பாவைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"தீர்ந்து போச்சுன்னியேடி?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போம்பலுக்கு ஊசி போடுகிற டாக்டர் சுதேஷ்ணா லாஹிரிக்குப் போன் போட்டார். அந்த அம்மாளின் கிளினிக் காளிகாட்டில், அவள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருந்ததால் பந்த் அன்றும் ஆள் கிடைத்தாள். சேஷாத்ரி தனக்குத் தெரிந்த வங்காளியையும் இந்தியையும் கலந்து கட்டி விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் என்ன மாத்திரை என்று கேட்டாள் போலிருக்கிறது.

"கால்சியம், டாக்டர். வெறும் கால்சியம்... நிறையத்தான் தின்னுருக்கு... நன்னா ஓடியாடிண்டுதான் இருக்கு." கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, போனை வைத்தார். முகம் தெளிந்திருந்தது. "வெறும் கால்சியம்னா பயமில்லையாம். நிறையத் தண்ணி வெக்கணுமாம். நாளைக்குப் பந்த் முடிஞ்சதும் அழைச்சிண்டு வந்தாப் போறும்னுட்டா. நல்ல வேளை, பயந்தே போயிட்டேன்!"

அவர் போம்பலின் காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். பாகீரதி நின்ற இடத்தில் நின்றாள். நாய் தின்றது கால்சியம் இல்லை. தின்றது இன்னதென்று உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னது அவளுடைய பொய்க்குத்தான், போம்பலுக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் பிழைக்கும். நாய்?

அதற்கு மேல் யோசிக்கவில்லை. போனை எடுத்து மறுபடி அதே எண்ணைச் சுழற்றினாள்.

"டாக்டர், அவர் சொன்னது தப்பு. கால்சியம் இல்லை. குளுக்கோஸமீன். மூட்டு வலிக்கு நான் சாப்பிடறது" என்றாள். அடுத்ததைச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்துவிட்டது. "சிங்ரி மாச். சிங்ரி ஓட்டுலேருந்து பண்ணினது."

கல்கத்தாவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவருக்குச் சிங்ரி என்றால் இறால் என்று யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். நாயின் காதிலிருந்த சேஷாத்ரியின் கை அப்படியே நின்றது.

டாக்டரின் குரல் மாறிவிட்டது. படபடவென்று கேட்டாள். இனிப்புக்காக வேறு ஏதாவது சேர்த்திருக்கிறதா? விட்டமின் டி? இரும்புச் சத்து? பாட்டில் இருக்கிறதா? பாட்டில் எப்போதோ குப்பை லாரி ஏறிவிட்டது. ஆனால் பாவம் செய்யப் போகிறோமே, எதைத் தின்று செய்கிறோம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அந்தப் பொடி எழுத்தைப் பத்துத் தடவை படித்தவள் பாகீரதி. ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "மாங்கனீஸ் கொஞ்சம். நீங்க கேட்ட மத்த எதுவும் இல்லை."

"நல்லது. எப்போ தின்னுது?"

"அரை மணி இருக்கும். நான் குளிக்கப் போனப்போ."

"அப்போ உடனே கிளம்புங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்தா வாந்தி எடுக்க வெச்சு வெளியில கொண்டுவந்துடலாம். அப்புறம் ரத்தத்துல கலந்துடும், கல்லீரலைப் பிடிக்கும். ஒண்ணு ரெண்டுன்னா வயித்துப்போக்கோட போயிடும். இத்தனை தின்னா அப்படி விட முடியாது. வாலாட்டுதேன்னு ஏமாறாதீங்க, இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும், நாளன்னிக்குத்தான் காட்டும். வீட்டுல உப்புத் தண்ணி, பால், எண்ணெய்னு ஒண்ணும் குடுத்துடாதீங்க. அதுலயே சில நாய் செத்துப்போயிருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சேஷாத்ரி எழுந்து நின்றிருந்தார்.

"ரெண்டு மாசமாவா?" என்றார்.

"ரெண்டு மாசமா."

இடி இடிக்கும் என்று பாகீரதி காத்திருந்தாள். சேஷாத்ரி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "அதை அப்பறம் பேசிக்கலாம். காளிகாட்டுக்கு எப்படிப் போறது, அதைச் சொல்லு" என்றார். பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கோபமில்லை, பயம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

எப்படிப் போவது? ரோட்டில் ஈ காக்கை இல்லை. காலனிச் சுவருக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டி இருந்தது. மூன்று சக்கரம், மேலே வெறும் பலகை. அங்கேயே குடியிருக்கிற மீன்காரர் நிமாயின் சைக்கிள் வண்டி. பந்த் என்பதால் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கழுவினால் மட்டும் வருஷக்கணக்கான வாசனை போய்விடுமா?

பாகீரதி விஷயத்தைச் சொன்னதும் நிமாய் வேறு பேச்சே பேசவில்லை. "போம்பலுக்கா? ஏறுங்க மாஷிமா" என்று வண்டியை நிமிர்த்தினார். அவள் நாயை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். சேஷாத்ரி வண்டியருகே வந்து நின்றுவிட்டார். ஒட்டிக்கொண்டிருந்த செதில்கள் வெயிலில் மினுங்கின.

"வரதுன்னா வாங்கோ. இல்லேன்னா ஆத்துல இருங்கோ, நான் போயிட்டு வரேன்" என்றாள் பாகீரதி. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தத் தொனியில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

கிதிர்பூர் பாலத்துக்கு முன்னால் பெஞ்சுகளைக் குறுக்கே போட்டு, கொடியை நட்டுவைத்துக்கொண்டு, பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். இன்றைக்குச் சக்கரம் உருளக் கூடாது, திரும்பிப் போ என்றான். நிமாய் கெஞ்சினார். சேஷாத்ரி, தான் ரயில்வே அதிகாரி என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பையன் கொட்டாவி விட்டான்.

பாகீரதி நாயோடு கீழே குதித்தாள். ஆம், குதித்தாள். கத்தரிக்காய் வாங்குவதற்கு மேல் அதுவரை போயிராத அவளுடைய வங்காளி அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"உங்க பந்த் மனுஷாளுக்கா, நாய்க்குமா? இது எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுது சொல்லு! இத்தனை சிங்ரி மாத்திரை தின்னுட்டு வயித்துல விஷத்தோட நிக்கறது. டாக்டர் ரெண்டு மணி நேரம்தான் குடுத்திருக்கா, அதுல பாதி போயாச்சு. இன்னிக்கு இது செத்துதுன்னா, தெனமும் உன் வாசல்ல வந்து நின்னு இதோட பேரைச் சொல்லுவேன்!"

கேரம் ஆட்டம் நின்றது. தயிர் சாதத்து வீட்டு மாமி சிங்ரி என்று கத்தியதில் ஒருவன் குபீரென்று சிரித்துவிட்டான். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தவன் சிரிக்கவில்லை. போம்பலின் முகத்தைப் பார்த்தான். அது அவன் கையை நக்கியது.

"ஏய், பெஞ்சை எடுங்கடா" என்றான்.

எடுத்ததோடு விடவில்லை. பாலத்தின் ஏற்றத்தில் நிமாய்க்கு மூச்சு முட்டியதைப் பார்த்து நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பந்த் நடத்துகிறவர்களே பந்தை மீறி, கொடியும் கையுமாக மீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன காட்சியை ஜன்னல்களிலிருந்து பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அடுத்த முனையில் யாராவது மறித்தால் தன் பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டு அவன் நின்றுகொண்டான். பாகீரதிக்கு ஒரு குஷி பொங்கியது. நாய் சாகக் கிடக்கும்போது இதென்ன குஷி என்று தன்னையே திட்டிக்கொண்டு, போம்பலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிகங்கைக் கால்வாயைத் தாண்டிக் காளிகாட் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது டாக்டர் சுதேஷ்ணா வாசலிலேயே கையுறையோடு நின்றிருந்தாள். ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் போம்பல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கக்கியது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பாதி கரைந்த மாத்திரைகள். மறுபடி கக்கியது, மறுபடியும். டாக்டர் குச்சியால் கிளறிப் பார்த்தாள். தோள் வழியாக எட்டிப் பார்த்த சேஷாத்ரியின் மூக்கில் கை இல்லை.

"முக்கால்வாசி வந்துடுச்சு. நீங்க நாளைக்கு வந்திருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றாள் டாக்டர். அதைப் பாகீரதியைப் பார்த்துத்தான் சொன்னாள். மிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளக் கரிப்பொடியைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். காலில் சலைன் ஏற்றினாள். தினமும் வர வேண்டும், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும், அதுவரை எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் கணக்கு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த போம்பல் மூலையில் சுருண்டு கிடந்தது. டாக்டர் சாதம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள். தயிர் சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாயங்காலம் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த சேஷாத்ரி திடீரென்று கேட்டார்.

"நெஜமாவே முட்டி வலி கொறஞ்சுதா?"

"நேத்திக்கு வண்டியிலேருந்து குதிச்சேனே, பாக்கலியா?"

"பாத்தேன்." கொஞ்ச நேரம் நாயைத் தடவிக்கொண்டிருந்தார். "நாலு இடத்துல உக்காந்து உக்காந்து நீ மாடி ஏறினதையும்தான் பாத்திருக்கேன். எங்கிட்ட சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கேன், பாரு. ஜெயந்த்கிட்ட சொல்லி இன்னொரு பாட்டில் வரவழைச்சுக்கோ. ஆனா டப்பா மாத்தாதே, தாயே!"

பாகீரதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் நாய் இன்னும் தலை தூக்கவில்லை.

மூன்றாம் நாள் கிளினிக்கில் டாக்டர் காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தாள். "இறங்கிடுச்சு! கல்லீரல் தப்பிச்சுது." பாகீரதி கை கூப்பினாள். ஆனால் டாக்டர் போம்பலைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "இனிமே இது சாப்பிடணும். சாப்பிடாமலே கிடந்தா ஜெயிச்சதெல்லாம் வீண். என்ன போடறீங்க?"

"தயிர் சாதம்."

"வியாதிக்கார நாய்க்கு ஆசையா ஏதாவது வேணும். உப்பு, மசாலா இல்லாம அவிச்ச மீனும் குழைஞ்ச சாதமும் குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, இவர்கள் யாரென்று ஞாபகம் வந்தவளாகச் சங்கடத்தோடு நிறுத்தினாள். "வேணும்னா நான் என் வீட்டுல சொல்லி..."

சேஷாத்ரி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறாரோ என்று பாகீரதிக்குப் பகீரென்றது. சந்தின் முனையில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. அதைத் தாண்டும்போதெல்லாம் ஓட்டமாக ஓடுகிறவர் அவர். திரும்பி வந்தபோது கையில் வாழை இலைப் பொட்டலம் இருந்தது. வேர்த்து விறுவிறுத்திருந்தார். "உப்பு வேண்டாம், மஞ்சள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்னா, அப்போ எதுக்கய்யா சாப்பிடறேன்னு சண்டைக்கு வரான் சமையல்காரன்" என்றார்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஆவி பறந்தது. போம்பலின் மூக்கு அசைந்தது.

"முள் இருக்கும். எடுத்துட்டுக் குடுங்க" என்றாள் டாக்டர்.

மீனை வாழ்நாளில் தொட்டறியாத விரல்கள் அந்த வெள்ளைச் சதையைப் பிரித்தன. எங்கே முள், எங்கே தோல் என்று தெரியாமல் தடவித் தடவி, ஒவ்வொன்றாக உருவி இலை ஓரத்தில் வைத்தார். சாதத்தில் பிசைந்து உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார். "கண்ணா, சாப்பிடுடா. நீ சாப்பிடுடா."

போம்பல் முகர்ந்தது. முன்கால்களை ஊன்றி எழுந்தது. ஒரே வாயில் உள்ளங்கையைத் துடைத்தெடுத்துவிட்டு, இன்னும் எங்கே என்று அவர் முகத்தைப் பார்த்தது.

"சாப்பிடறான்! பாகீ, சாப்பிடறாண்டி!" சேஷாத்ரி போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்களெல்லாம் அவரவர் நாயும் பூனையுமாக எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினார், கையெல்லாம் மீன். அப்படியே முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டைத் தேடினார்.

பெரிய துண்டு இன்னும் முள்ளோடு கிடந்தது. பாகீரதி மறுபக்கம் முழங்காலை மடித்து உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை இலையில் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.